பதினோரு ஆண்டுகள் தாங்கும் மணல்

மணலில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு இதமான வேலை. கண்ணாடிக் குழாயில் மணலை நிரப்பி, மேலே உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு, அது அடிக்கு எப்போது வந்து சேர்கிறது என்று பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இருபத்தாறு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

ஆலையின் கழிவுக் குட்டையிலிருந்து குடியிருப்பின் கிணறுகளுக்கு நஞ்சு போய்ச் சேரப் பதினோரு ஆண்டுகள் ஆகும் என்று அறிக்கை எழுதியவன் நான். அதை நம்பித்தான் குட்டையை வெட்டினார்கள். வெட்டி இரண்டு வருடம் ஆகிறது. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த என் தங்கை கணவர் மட்டும் நம்பவில்லை. அவர்கள் வீடும் அந்தக் குடியிருப்பில்தான்.

குட்டையருகே நீலச் சாயத்தைத் தெளித்துத் தண்ணீர் விட்டார். மறுநாள் காலை அங்கே ஆளுயரக் குழி தோண்டி, பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே நின்றபடி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மணல் சீராக நனைந்திருக்கவில்லை. முக்கால்வாசி காய்ந்து கிடக்க, நீலம் நாலைந்து இடத்தில் மட்டும் கயிறு விட்டதுபோல் அடிவரை இறங்கியிருந்தது.

“மச்சான், குழாய்க்குள்ள நீங்க மணலைச் சலிச்சுப் போட்டீங்க. இங்க யாரு சலிச்சது?” என்று சிரித்தார். “பதினொண்ணு இல்ல, ரெண்டே வருஷம். நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்.”

ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

“உங்க மருமக அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா” என்றார். சிரிப்பு போயிருந்தது.

நியாயமான பேச்சுதான். மண்ணெடுக்கும் இரும்புக் குழாய் என் கையில் இருந்தது. அவர் குனிந்ததும் பின்மண்டையில் அடித்தேன். திரும்பிப் பார்த்தார். அதனால் இன்னொரு முறை அடிக்க வேண்டியதாயிற்று. பிறகு பலகைகளை உருவினேன். காய்ந்த மணல் சத்தமில்லாமல் சரிந்து இடுப்புவரை ஏறியது, அப்புறம் வாய்வரை. கண் திறந்தே இருந்தது. மிச்சத்தை மண்வெட்டியால் நானே தள்ளினேன். கொஞ்ச நேரம் மேல்மணல் ஏறி இறங்கியது.

அடிபட்டுச் செத்தாரா, மூச்சு முட்டியா என்று கேட்கிறீர்கள். மூச்சு முட்டித்தான்.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். கை கழுவிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, “ஒரு மாதிரி கசக்குது மாமா” என்றாள்.

ஒன்றுமில்லை, குடி என்றேன். கணக்குப்படி இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன.