பத்தாவது முடிச்சு

ஈர நாளில் என் முழங்கால் பிடித்துக்கொள்ளும், எழுந்து நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே பேசுகிறேன், ஊர்ப் பெரியவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவுக்கு வெளியே வில்லோடு நாலு பேரை நிறுத்தியிருக்கிறீர்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடப்போகிறேன்?

நம் பூயான் குடியில் ஒருவன் மடியில் உட்கார்ந்து எழுந்தால்தான் இந்த மலைக்கு ஒருவர் ராஜா. ஏழு தலைமுறையாக அந்த மடி எங்கள் வீட்டு மடி. போன ராஜாவும் என் மடியில்தான் உட்கார்ந்தார். நல்ல கனம்.

அவர் கொடியவர்தான், நான் மறைக்கவில்லை. வெள்ளைக்காரத் துரை வந்துபோகச் சாலை வேண்டுமென்று நம் பெண்களைக் கூலியில்லாமல் கல் சுமக்க வைத்தார். என் தங்கை ஜேமா கல்லோடு விழுந்து, வயிற்றுப்பிள்ளை கலைந்தது. அன்றுதான் அவள் புருஷன், நம் தலைவன் மங்குளு, வில்லை எடுத்தான். நியாயமான கோபம். நானும் அழுதேன்.

ஒன்பது முடிச்சுப் போட்ட கயிறுகள் ஆறு ஊருக்குப் போக வேண்டும். தினம் விடிந்ததும் ஒரு முடிச்சை அவிழ்ப்பது, கடைசி முடிச்சு அவிழ்கிற அன்று எல்லா ஊரும் கணவாயில் கூடுவது. ராஜா கொடுத்த சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்தால் காவலர்கள் என்னைச் சோதிக்க மாட்டார்கள். அதனால் மங்குளு கயிறுகளை என்னிடம் கொடுத்தான்.

“ஜெயிச்சா அடுத்த ராஜா யாருப்பா?” என்று சும்மாதான் கேட்டேன்.

“எந்த ராஜாவும் வேணாம் மச்சான். நம்மள நாமளே பாத்துக்குவோம். உன் மடிக்கு இனிமே வேலையில்ல. பேரப்பிள்ளைங்கள உக்கார வை, மூத்திரம் பெஞ்சா தொடச்சுக்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற பேச்சா?

நான் யோசித்தது உங்களைப் பற்றித்தான். துப்பாக்கிக்கு முன்னால் வில் என்ன செய்யும்? மங்குளுவிடம் சொன்னால் கோழை என்பான். சொல்லாவிட்டால் ஆறு ஊரும் சாகும். எப்படிப் போனாலும் மாட்டிக்கொண்டேன். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஆறு கயிற்றிலும் பத்தாவதாக ஒரு முடிச்சைப் போட்டேன். எல்லா ஊரும் ஒரு நாள் பிந்தும், சொன்ன நாளில் யாரும் வரவில்லை என்றால் மங்குளு வீட்டுக்குத் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் திரும்பவில்லை. தன் ஊர் ஆட்கள் நாற்பது பேரோடு, “வந்துருவாங்க, இப்ப வந்துருவாங்க” என்று உச்சிப்பொழுது வரை நின்றானாம். மறுநாள் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்பத்தொரு பேரையும் தூக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

“ராஜாவோட துப்பாக்கிக்காரனுங்க சரியா அன்னைக்கே எப்படிண்ணே வந்தானுங்க?” என்று ஜேமா கேட்கிறாள்.

திவான் என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். அரண்மனைச் சோறு தின்ற வாய், அங்கே போய்ப் பொய் சொல்லுமா? அப்படிப் பார்க்காதே, ஜேமா. நாற்பத்தொரு பேர் போனார்கள், ஆறு ஊர் பிழைத்தது. உன் புருஷன் இருந்தால் அவனே ஒத்துக்கொள்வான்.

ராஜா போன மாதம் காய்ச்சலில் செத்துவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தண்டனை கொடுங்கள். முடிச்சுப் போட்ட கையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் மட்டும் அடிக்காதீர்கள். பத்து நாளில் பட்டாபிஷேகம். இளவரசர் ஒல்லியானவர், அவ்வளவாகக் கனக்க மாட்டார்.