ஏழுக்கு ரெண்டு

பத்ரி: ஆறாவது கோலை விடுங்க சார். அதை எவனாலயும் பிடிச்சிருக்க முடியாது. ஆனா ஏழாவது...

பெனடிக்ற்: ஏழாவதும் முகுந்தின்ரை பிழை இல்லை.

பத்ரி: என் பையன்ங்கிறதுக்காகச் சொல்லாதீங்க. ஐஸ் மேல அந்த பக் வட்டு அவன் ரெண்டு காலுக்கும் நடுவுல போச்சு. வேகமாக்கூட இல்ல... சும்மா வழுக்கிக்கிட்டுப் போச்சு.

பெனடிக்ற்: முன்னுக்கு மூண்டு பேர் மறைச்சுக்கொண்டு நிண்டவங்கள். கோலி எதைப் பாத்துப் பிடிக்கிறது?

பத்ரி: போன வாரம் அவங்க ஊர்ல அஞ்சுக்கு ஒண்ணு. இன்னைக்கு நம்ம ரிங்க்லயே ஏழுக்கு ரெண்டு. செமி ஃபைனல்னு வெளிய சொல்லிக்கவே வெக்கமா இருக்கு.

பெனடிக்ற்: செமி பைனலுக்கு வந்ததே பெரிய காரியம் எல்லோ?

பத்ரி: மொத்தம் அஞ்சு டீம். நாலு டீம் செமி ஃபைனல். நாம நாலாவது.

பெனடிக்ற்: ...அஞ்சாவதா வரேல்லை, பாத்தியளோ.

பத்ரி: உங்களால மட்டும்தான் இப்படிப் பேச முடியும். சரி, இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? வாசல்ல டிக்கெட் பாக்குறாளே ஷெறோன், அவகிட்ட கேட்டேன். நாப்பத்தொண்ணு.

பெனடிக்ற்: நாப்பத்தொண்டோ? நான் ஒரு அறுபது இருக்கும் எண்டு நினைச்சன்.

பத்ரி: அதுல இருபத்தாறு பேர் அந்தப் பக்கத்து ஆளுங்க. மூணு மணி நேரம் பஸ்ல வந்திருக்காங்க. மேளம் வேற.

பெனடிக்ற்: அப்ப எங்கடை பக்கம் பதினைஞ்சு.

பத்ரி: பதினாலு. ஒருத்தர் டாய்லெட் எங்கேன்னு கேட்டு உள்ள வந்தவராம்.

பெனடிக்ற்: உதுக்குச் சிரிக்கவும் ஏலாமல் கிடக்கு... ஒக்டோபரிலை முதல் மேச்சுக்கு நிக்க இடம் இல்லை. எங்கடை கோயில் ஆக்களே ரெண்டு வான் நிறைய வந்தவை. லூர்தம்மா மாமி எண்பது ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்தவா. ஐஸ் ஹொக்கி எண்டா என்னெண்டே தெரியாது. பூசைக்குப் பிறகு ஃபாதர் சொன்னவர் எண்டு வந்து நிண்டு கத்திச்சினம்.

பத்ரி: அவங்கள்லாம் ஏன் நின்னுட்டாங்க? தோத்துக்கிட்டே இருக்கோம்னா?

பெனடிக்ற்: தோக்கிறதெல்லாம் அவைக்கு விளங்காது பத்ரி. என்னைக் கண்டா என்ரை மகன் ஜெராட்டைப் பற்றிக் கேக்க வேணும். என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை... அதாலை வராமலே விட்டிட்டினம்.

பத்ரி: ம்.

பெனடிக்ற்: முகுந்த் இன்னும் வெளியாலை வரேல்லையோ?

பத்ரி: கோலியோட பேடெல்லாம் கழட்ட அரை மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தெரியாததா... சாரி சார்.

பெனடிக்ற்: என்னத்துக்குச் சாரி? ஜெராட்டுக்கும் அப்பிடித்தான். ஒரு சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பத்து நிமிசம் கதைச்சுக்கொண்டு இருப்பான்.

பத்ரி: அவன் நின்னுருந்தா இந்த ஏழும் போயிருக்காது. முகுந்தே சொல்றான், "நான் ஜெராட்டோட இடத்துல சும்மா நிக்கிறேன்பா"ன்னு.

பெனடிக்ற்: அப்பிடிச் சொல்ல விடாதையுங்கோ. நவம்பரிலை தலையிலை அடிபட்டு விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போக, முகுந்த் அழுதழுது மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இறங்கினவன். நான் பாத்தனான்.

பத்ரி: நாலு மாசம் ஆச்சு. உங்க பையன் ஆடல. ஆனாலும் ஒரு மேட்ச் விடாம லூயிஷாம்லேர்ந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வர்றீங்க. உங்க இடத்துல நானா இருந்தா இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

பெனடிக்ற்: பொறுங்கோ... போன். அவன்தான். கையுறையோடை அமத்தி... ஸ்பீக்கரிலை விழுந்திட்டுது. ஹலோ?

ஜெராட்: அப்பா, முடிஞ்சுதா?

பெனடிக்ற்: இப்பதான். நீ படுக்கேல்லையோ? ஜன்னல் சீலை இழுத்து விட்டிருக்கோ?

ஜெராட்: ஓம், இருட்டுத்தான். ஸ்கோரைச் சொல்லுங்கோ.

பெனடிக்ற்: நாலுக்கு மூண்டு.

ஜெராட்: ஆருக்கு நாலு?

பெனடிக்ற்: எங்களுக்குத்தான்ரா!

ஜெராட்: ...சூப்பர். அப்ப ரெண்டு மேச்சும் எங்களுக்கு. முகுந்த் எப்பிடி?

பெனடிக்ற்: மதில் மாதிரி நிண்டவன். கடைசி நிமிசத்திலை ஒண்டு பிடிச்சான் பார்... சனம் முழுக்க எழும்பி நிண்டிட்டுது.

ஜெராட்: சனம் வந்ததா?

பெனடிக்ற்: முன்னூறுக்குக் கிட்ட. எல்லாரும் உன்னைத்தான் கேட்டவை.

ஜெராட்: மாமியும் வந்தவாவா? ரோல்ஸ் இருந்தா எனக்கொண்டு கொண்டு வாங்கோ.

பெனடிக்ற்: அது... முடிஞ்சுதடா. அவ்வளவு சனம்.

ஜெராட்: சரி. மழை பெய்யுது, கவனமா கார் ஓடி வாங்கோ. அப்பா... பைனல் எப்ப?

பெனடிக்ற்: வாற சனி.

ஜெராட்: ஓகே. வையுங்கோ.

பெனடிக்ற்: பத்ரி... உப்பிடிப் பாக்காதையுங்கோ.

பத்ரி: நான் எதுவும் கேக்கல சார்.

பெனடிக்ற்: ஆஸ்பத்திரியாலை வந்து மூண்டாம் நாள் ஒரு மேச். ஒம்பதுக்குப் பூச்சியம். வீட்டை போறன், இருட்டுக்குள்ளை கிடந்துகொண்டு "என்ன மாதிரி அப்பா?" எண்டு கேக்கிறான். டொக்டர் ஒரு வருசம் எண்டாலும் ஆகும் எண்டிட்டார். பள்ளிக்கூடம் இல்லை, வெளிச்சம் இல்லை... தான் இல்லாததாலைதான் தோத்தது எண்டும் நினைக்க வேணுமோ? வெண்டிட்டம் எண்டன். அண்டைக்குத்தான் எழும்பி இருந்து சோறு திண்டவன்.

பத்ரி: அதுக்கப்புறம் நிறுத்த முடியல.

பெனடிக்ற்: எப்பிடி நிப்பாட்டுறது? அவனைக் கேட்டா நாங்கள்தான் லீக்கிலை முதலாம் இடம்.

பத்ரி: அடுத்த சனிக்கிழமை ஃபைனல்ல வேற ரெண்டு டீம் ஆடும். நீங்க என்ன பண்ணப் போறீங்க?

பெனடிக்ற்: வீட்டிலை இருந்து வெளிக்கிட்டு, எங்கையாவது காரை விட்டிட்டு ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டு வருவன்.

பத்ரி: அதுல ஜெயிக்கப் போறோமா, தோக்கப் போறோமா?

பெனடிக்ற்: அதைத்தான் யோசிக்கிறன்... வெண்டா கப் எங்கை எண்டு கேப்பான்.

பத்ரி: சார்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முகுந்த் சத்தியம் வாங்கியிருக்கான். சொன்னா என்னை மன்னிக்க மாட்டான்.

பெனடிக்ற்: அப்ப சொல்லாதையுங்கோ.

பத்ரி: சொல்லித்தான் ஆகணும். ஜெராட்டால போன் திரையைப் பாக்க முடியாதில்ல? அதனால முகுந்த் மேட்ச் முடிஞ்ச உடனே ட்ரெஸ்ஸிங் ரூம்லேர்ந்து வாய்ஸ் மெசேஜ் போடுறான். ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்துச்சுன்னு. "முழங்காலை இப்படி வை, அடுத்த தடவை இங்க நில்லு"ன்னு ஜெராட் அங்கேர்ந்து சொல்லித் தர்றான். டிசம்பர்லேர்ந்து நடக்குது. உங்களுக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே அவனுக்கு ஏழுக்கு ரெண்டுன்னு தெரியும் சார். "அப்பாகிட்ட சொல்லிடாதே"ன்னு கெஞ்சியிருக்கான். உங்க மனசு கஷ்டப்படுமாம்.

பெனடிக்ற்: அவனுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும் பத்ரி. டிசம்பரிலை நத்தாருக்கு முதல் கிழமை, மேச்சாலை வந்து தேத்தண்ணி கொண்டு மேலை போறன், கதவுக்கு அங்காலை முகுந்தின்ரை குரல், "ஆறுக்கு ஒண்ணு" எண்டு. கோப்பையோடை திரும்பிக் கீழை இறங்கி வந்திட்டன். பத்து நிமிசம் நிண்டு போட்டு, போய் "வெண்டிட்டம்" எண்டன். அவனும் "சூப்பர் அப்பா" எண்டான்... நவம்பரிலை ஐஸிலை விழுந்த அண்டைக்குக் காலமை அவன் கட்டிலை விட்டு எழும்பேல்லை. "தலை சுத்துது, இண்டைக்கு வரேல்லை அப்பா" எண்டவன். உன்னைப் பாக்கவெண்டு இவ்வளவு சனம் வருகுது, எழும்படா எண்டு நான்தான் அவன்ரை ஹொக்கிப் பையைத் தூக்கிக் காரிலை ஏத்தினனான். அதை அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டொக்டருக்கும் சொல்லேல்லை, தாய்க்கும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. இந்த ஸ்கோரை விட்டா, எங்கள் ரெண்டு பேருக்கும் கதைக்கிறதுக்கு அந்தக் காலமை ஒண்டுதான் இருக்கு.