தட்டில் துண்டுகளாக வந்த கட்டி

மேலே பதிந்துள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது எழுபத்தொன்று. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கருப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள் என் இளைய மகள். புகார் கொடுத்தவர் அவள் கணவர்.

ஸ்கேன் பார்த்து, பிறகு ஆபரேஷனும் செய்த டாக்டரம்மா, சாதாரணக் கட்டிதான், வயிற்றைத் திறக்காமல் சிறு துளை போட்டே எடுத்துவிடலாம் என்றார். இவ்வளவு பெரிய கட்டி அந்தத் துளை வழியாக எப்படி வரும் என்று நான் கேட்டேன். அதற்குள் சம்பந்தியம்மா, "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? டாக்டருக்குத் தெரியாதா?" என்று என் வாயை அடைத்தார். கல்யாணத்தன்றும் எல்லோர் முன்னாலும் என்னிடம் இப்படித்தான் பேசினார். இது வழக்குக்குத் தேவையில்லை என்கிறார் எழுதும் காவலர். இருக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு, ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து, எடுத்ததைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முன்பு என் மூத்த மகளுக்கு இதே மாதிரிக் கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்தபோது, உருண்டையாக ஒரே கட்டியைக் காட்டினார்கள். இந்தத் தட்டில் நீள நீளமாகத் துண்டுகள் கிடந்தன.

"என்னம்மா இது, கறிக்கடையில நறுக்கின மாதிரி?" என்றேன்.

"உள்ளயே மெஷினால நறுக்கித்தான் பாட்டி வெளிய எடுப்பாங்க."

"நறுக்கும்போது உள்ள சிந்தாதா?"

"எல்லாம் வந்துடுச்சு பாட்டி, பயப்படாதீங்க" என்று தட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு, பரிசோதனைக்குப் போன துண்டுகளில் புற்று இருப்பதாக முடிவு வந்தது. சில மாதங்களில் மகளின் வயிற்றுக்குள் அங்கங்கே புதுக் கட்டிகள் முளைத்தன. கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நறுக்காததால் துணுக்குகள் சிதறிப் பரவியிருக்கலாம் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். இந்த வகைப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது கஷ்டம், முழுதாக எடுத்திருந்தாலும் பரவியிருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. யார் பேசினாலும் அவர் சொல்வதே சரியென்று படுகிறது. வெளியே வந்தால் தலை சுற்றுகிறது.

"டாக்டரம்மாதான் காரணம்னு அடிச்சுச் சொல்லுங்க அத்தை" என்று மருமகன் இந்த ஸ்டேஷன் வாசலில் சொன்னார். மகளோ, நான் இங்கே கிளம்பும் முன்பு, "சிதறும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வயித்தைத் திறந்தே எடுங்கன்னு சொல்லியிருப்பேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

யார் மேல் குற்றம் என்று காவலர் கேட்கிறார். புற்று தானாகப் பரவியதா, மெஷின் பரப்பியதா, எனக்குத் தெரியவில்லை. அவளிடம் டாக்டரம்மா பேசியபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். சிதறும் ஆபத்து உண்டு என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

படித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னதுதான், அத்தனையும் உண்மை. இன்று அவளுக்குப் புற்றுக்கு மருந்து ஏற்றும் நாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவளிடம் போகிறேன்.

(கையெழுத்து)