ஓசையில்லாமல் அழுத பிள்ளை

தலைமையேற்றுத் தாயென வீற்றிருக்கும் தையல்நாயகி அம்மையார் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மடியில் மழலையும் தோளில் பால்புட்டிப் பையுமாய் மாடம்பாக்கத்திலிருந்தும் வண்டலூரிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே! குழந்தைகளுக்கு அறுவை செய்யும் இந்த மருத்துவனின் கனிந்த வணக்கம்!

பிறந்து இரண்டே நாளான ஒரு பெண் குழந்தை, பெயர்கூட வைக்கவில்லை. குடலில் அடைப்பு. அறுத்தால்தான் பிழைக்கும். அறுத்தால் வலிக்குமே! அந்த வலிக்கு மருந்தை எப்படித் தருவது? சொட்டுச் சொட்டாய் ஓயாமல் ஓடவிடுவதா? வலி தெரியும்போதெல்லாம் ஊசியில் ஏற்றுவதா? குறைந்தால் பிள்ளை துடிக்கும். கூடினால் மூச்சு தளரும். எது மேல் என்றறியவே இரண்டையும் ஒப்பிடுகிறோம். பெற்றவர்கள் சம்மதித்தால், எந்த வழி என்பதைக் குலுக்கல் சீட்டு சொல்லும்.

குழந்தையின் தகப்பனார், பல்லாவரத்துத் தோல் பட்டறைக்காரர் மொஹ்சின் கேட்டார்: "எது பெஸ்ட்டு டாக்டர்?"

"தெரியாது" என்றேன்.

வந்ததே கோபம்! "தெரியாமதான் இம்மாம் பெரிய ஆஸ்பத்திரி கட்டி வெச்சிகினு கீறீங்களா?"

சிரிக்காதீர்கள் ஐயா, நியாயமான கேள்வி! எனக்கே சுருக்கென்றது.

அவர் மனைவி அனம் கேட்டார்: "எது வந்தாலும், புள்ளைக்கு வலிச்சா உடனே மருந்து குடுப்பீங்கல்ல?"

"கொடுப்போம் அம்மா."

"அப்ப சீட்டு எடுங்க."

அடடா, என்ன துணிச்சல்! வலி தெரியும்போது தருவது என்று சீட்டில் வந்தது.

அறுவை முடிந்தது. பிள்ளையின் வாயில் மூச்சுக்கு உதவும் குழாய். "பாரு, எவ்ளோ சமத்தா தூங்குது!" என்று மகிழ்ந்தார் மொஹ்சின்.

"தூங்கலீங்க! மூஞ்சியப் பாருங்க!" என்று பதறினார் அனம்.

நெற்றி சுருங்கியிருந்தது. கண்கள் இறுகியிருந்தன. குழாயைச் சுற்றி வாய் கோணியிருந்தது. அழுகை இருந்தது, அன்பர்களே, ஓசைதான் இல்லை! குழாய் இருக்கும்வரை குரல் வராது. செவிலியர் கிறிஸ்டி ஓடிவந்து முகம் பார்த்தார், மருந்தை ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக நெற்றி தெளிந்தது. மொஹ்சின் விம்மினார்: "அது அழுவுது, நான் சிரிச்சிகினு நின்னேனே டாக்டர்!"

எது மேல்? இன்றும் தெரியாது, ஒப்பீடு இன்னும் முடியவில்லை. நாளை வேறொரு தகப்பன் கேட்கும்போது "தெரியும்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான், முன்பின் பார்த்திராத பிள்ளைகளுக்காகத்தான், தம் பிள்ளையை நம்பித் தந்தார்கள் இவர்கள்! நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

அதோ, மூன்றாம் வரிசையில் வீறிடுகிறாளே, அவள்தான் அந்தப் பிள்ளை, ஹஃபீசா! அனம் அம்மா, ஏன் வெளியே தூக்குகிறீர்கள்? உட்காருங்கள்! அழட்டும்! இந்த மைக்கை மிஞ்சி அழட்டும்! இந்தக் குரலுக்காக அன்று நாம் எவ்வளவு ஏங்கினோம்! இனி அவள் பேசட்டும், நான் அமர்கிறேன். பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்!