இரண்டு விநாயகா

மந்தைவெளியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்காரும்போதே ஒருத்தி சொன்னாள்:

"ரெண்டுக்கும் விநாயகான்னு பேரு வெச்சா, ஒண்ணு கண்ணுக்கு ஒண்ணு எப்பிடிடீ தெரியும்?"

"இன்னாது?"

"எங்க கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை கம்ப்யூட்டருங்கதான். புது விண்டோஸ் போட்டப்ப பேரு கேட்டுச்சாம். ஓனரு ரெண்டுலயும் சாமி பேரையே அடிச்சிட்டாரு. அன்னிலேர்ந்து முன்னாடி கீற கம்ப்யூட்டர்ல உள் ரூம்ல கீறது தெரியவே இல்ல. பிரிண்டரு உள்ளதுலதான் கீது. இன்னிக்கு ஐந்நூறு பத்திரிகை குடுத்தாவணும்னு இருந்துச்சு."

"சர்வீஸ்காரரு வரலியா?"

"ரெண்டு வாட்டி வந்து வயர மாத்திட்டுப் போனாரு. காலைல நான்தான் உள்ளதோட பேர மாத்தி, ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணேன். உடனே தெரிஞ்சிடுச்சு. மத்தியானமே பத்திரிகை போயாச்சு."

"சாமி பேர எடுத்தியேன்னு ஓனரு கத்தலியா?"

"முன்னாடி விநாயகா அப்பிடியேதான் கீறாரு. உள்ளதுக்கு செல்வின்னு என் பேர வெச்சேன்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. செல்வி ஜன்னல் பக்கம் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இனிமே விநாயகாவுக்கு எதுனா பிரிண்ட் வேணும்னா, செல்வியத்தான் கேக்கணும்."