கால்விலங்குக்குப் பூசிய கறுப்பு

— அதையே திரும்பத் திரும்பச் சொல்லாதே, பாப்பா. வளையம் சின்னதா இருந்தா என்ன இப்போ? வெள்ளைக்காரன் இறுக்கி மாட்டினான். எலும்பு தெரியற அளவுக்கு இறுக்கினான்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சோம்.

— படிச்சோம்தான், அண்ணா. இப்ப கையில வெச்சிருக்கேன். இது கயிறு இல்ல, இறுக்கறதுக்கு. இரும்பு வளையம். அடிச்ச அளவுதான் அளவு. என் காலே இதுக்குள்ள நுழையாது. கொள்ளுத்தாத்தா கால் எப்படி நுழைஞ்சுது?

— ஜெயில்ல பட்டினி கெடந்தார். இளைச்சிருப்பார்.

— சிலையில அவர் காலைப் பார்த்திருக்கியா? உரல் மாதிரி இருக்கும்.

— சிலை வடிச்சவன் நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு வடிச்சான். கொஞ்சம் கூடத்தான் வடிச்சிருப்பான்.

— சிரிக்க வைக்காதே.

— சிரிக்கற விஷயமா இது? மியூசியத்துல உன்னை வெச்சிருக்கறது பழைய சாமானைச் சுத்தம் பண்ண. தோண்டித் துருவ இல்ல.

— சுத்தம் பண்ணினதுலதான் தெரிஞ்சுது. விளக்குக்குக் கீழே வந்து பாரு. வருஷா வருஷம் புரட்சி நாளுக்கு முன்னாடி நம்ம வீட்டு மூத்த பிள்ளைங்க இதுக்கு ஒரு பூச்சு கறுப்புப் பெயிண்ட் அடிப்பாங்க. தாத்தா அடிச்சார், அப்பா அடிச்சார், இப்ப நீ. மேல மேல அப்பி, இரும்பே தெரியலை. அத்தனையும் கரைச்சு எடுத்தேன். பெயிண்ட் இல்லேன்னா எப்பவோ துரு தின்னுருக்கும். நீங்க பக்தியா அடிச்சு அடிச்சு, அடியில இருந்ததைப் பத்திரமாக் காப்பாத்தி வெச்சிருக்கீங்க.

— என்னது இது? கதிர்க்கட்டா?

— கதிர்க்கட்டு, குறுக்கால ஒரு அரிவாள். எங்கே பார்த்திருக்கே?

— நம்ம வீட்டு கேட்ல.

— நம்ம தோட்டத்துப் பட்டறையில அடிச்ச எல்லாத்துலயும் அந்த முத்திரை இருக்கும். வெள்ளைக்காரன் மாட்டின விலங்குல நம்ம முத்திரை எப்படி வரும்? சுதந்திரம் வந்ததும், காட்சிக்கு வைக்க ஏதாவது கொடுங்கன்னு கேட்டிருப்பாங்க. நம்ம வீட்டாளுங்க கொட்டடியில கெடந்ததை எடுத்துக் கொடுத்துட்டாங்க. இது நம்ம தோட்டத்துல கொத்தடிமைங்களுக்கு மாட்டினது. இந்த அளவைப் பார்த்தா, பெரியவங்களுக்கு மாட்டினதுகூட இல்ல.

— வாயை மூடு.

— பிள்ளைங்க காலு, அண்ணா.

— மாப்பிள்ளை புஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சு நீயும் அவரு பாட்டையே பாடறே.

— நானா? அந்தப் புஸ்தகத்தை அவரு எழுத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து சோத்துத் தட்டு முன்னாடி அவரோட சண்டை போட்டவ நான். கொத்தடிமைகளை விடுவிக்க வெள்ளை அரசாங்கம் சட்டம் கொண்டு வரப் பார்த்துச்சு, அதைத் தடுக்கத்தான் தோட்ட முதலாளிங்க புரட்சியைக் கிளப்பினாங்கன்னு எழுதினாரு. அது மட்டும்தான் காரணமா? உப்பு வரி எங்கே போச்சு, சவுக்கடி எங்கே போச்சு, பஞ்சத்துல செத்தவங்க எங்கே போனாங்கன்னு கேட்டேன்.

— அதைத்தான் நானும் கேக்கறேன். அதாவது, ஒரு வக்கீலா கேக்கறேன். துப்பாக்கி முன்னாடி விழுந்தவன்ல முக்கால்வாசிப் பேர் கூலிக்காரன். தன் கால் விலங்கைக் காப்பாத்த எவனாவது உயிரை விடுவானா?

— அதுக்கு அவர்கிட்டயும் பதில் இல்ல. வெள்ளைக்காரன் போனா உங்க விலங்கும் போயிடும்னு யாரோ அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்.

— அப்போ புரட்சி உண்மைதானே?

— செத்தவங்க உண்மை. கிளப்பினவங்களைப் பத்தித்தான் பேச்சு. வெள்ளைக்காரனும் யோக்கியன் இல்ல, நம்ம ஆளும் யோக்கியன் இல்ல. ரெண்டையும் ஒரே வாயால சொல்லக் கூடாதா?

— வீட்டுக்குள்ள சொல்லு. வெளியில சொன்னா கல்லு வரும். தியாகிகளை அவமதிச்சார்னு மாப்பிள்ளையைக் கொண்டுபோய் லாக்கப்புல வெச்சதை மறந்துட்டியா?

— எப்படி மறப்பேன்? இன்னிக்கு அவரைப் பார்த்தியா?

— பார்த்தேன்.

— இழுப்பு மருந்து கையில வெச்சிருக்காரா? பிடுங்கிக்கிட்டாங்கன்னு சொன்னியே.

— எல்லாம் பார்த்துட்டுத்தான் வர்றேன். நான் சொல்றதைக் கேளு. மந்திரிகிட்ட பேசியாச்சு. நாளைக்குப் புரட்சி நாள் விழா. விலங்கு பழையபடி கறுப்பா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கணும். இருந்தா கேஸை வாபஸ் வாங்கிடுவாங்க.

— இல்லேன்னா?

— என் கையில ஒண்ணும் இல்ல.

— அவர் பக்கம் பேசற ஒரே சாட்சி இதுதான். இவ்வளவு நாள் அவர் சொன்னதை நம்பாம சண்டை போட்டேன். இப்ப நம்பறேன்னு அவர்கிட்ட இன்னும் சொல்லக்கூட இல்ல. அதுக்குள்ள நானே மூடணுமா?

— சாட்சி முக்கியமா, புருஷன் முக்கியமா?

— இப்படி ஒரு கேள்வியை எந்தக் கோர்ட்டுல கத்துக்கிட்டே?

— அழாதே. உன் போன் எங்கே?

— வாசல்ல, காவல்காரர்கிட்ட. இந்த அறைக்குள்ள கொண்டு வரக் கூடாது.

— அங்கேயே இருக்கட்டும். அம்மாவும் உன் அண்ணியும் உன் வீட்டுக்குப் போயிருக்காங்க.

— எதுக்கு?

— பிள்ளை தனியா இருக்கில்ல. துணைக்கு.

— சரி. அந்தக் கறுப்பு டப்பாவை எடு. நீ அடிக்கறியா? மூத்தவன் நீதானே.

— நீயே அடி. இந்த வருஷம் என்னால முடியாது.

— கோர்ட்டையே நடுங்க வைக்கற ஆளுக்கு என்ன வந்துச்சு? உனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. 'வாத்தியாருக்குப் பொண்ணைக் கொடுத்தா அவளுக்கு வாய் நீளும், வயிறு காயும்'னு அப்பாகிட்ட சொன்னவன் நீ. இப்ப அவருக்காக மந்திரி வீட்டு வாசப்படி ஏறியிருக்கே. அதுக்காகத்தான் அடிக்கறேன்.

— பேசாம அடி, பாப்பா.

— முத்திரை மறைஞ்சாச்சு. போதுமா? தொடாதே. ஈரம். இப்ப துணி பட்டாக்கூடப் பெயிண்ட் மொத்தமும் வந்துடும்.

— காய எவ்வளவு நேரமாகும்?

— காலையில காஞ்சிருக்கும். குனியாதே, சட்டைப் பையிலேர்ந்து என்னவோ விழுது. இரு, நான் எடுக்கறேன்.

— விடு. என்னோடது.

— இது அவர் கண்ணாடி.

— பாப்பா.

— இது இல்லேன்னா எதிர்ல நிக்கற ஆளோட முகம் தெரியாது அவருக்கு. தூங்கும்போதும் தலைமாட்டுலயே வெச்சிருப்பார். உன் பையில ஏன் இருக்கு?

— கொடுத்தாங்க.

— யாரு? அவரா?

— ஆஸ்பத்திரியில. காலையில இழுப்பு வந்திருக்கு. மருந்து கேட்டு லாக்கப்புக் கதவைத் தட்டியிருக்கார். நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. விழா முடியற வரைக்கும் வெளியில தெரியக் கூடாதுங்கறாங்க. விலங்கு ஒழுங்காப் பெட்டிக்குள்ள இருந்தாத்தான் உடம்பைக் கொடுப்பாங்களாம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு.

— பெயிண்ட் இன்னும் காயலை, அண்ணா. அந்தத் துணியை எடு.