எட்டு டிகிரி

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த தங்கை திடீரென்று வெடித்தாள்.

"ஓடிக்கினு இருக்கிற கம்ப்யூட்டரு எங்கனா எட்டு டிகிரி காட்டுமாண்ணா?"

"என்னை இன்னா பண்ணச் சொல்ற? ஸ்க்ரீன்ல வந்ததைப் படிச்சி சொன்னேன்."

"மதர்போர்டுல சூடு பாக்கிற சிப்பு கீதே, அதுக்குதான் டிரைவர் ப்ரோக்ராம் எழுதிக்கினு இருக்கேன். டெஸ்ட் பண்ண எனக்குக் கெடச்சது உன் எறா கம்பெனி கம்ப்யூட்டர் ஒண்ணுதான். மொத நாளு அறுபது. அப்புறம் தெனமும் எட்டு. மூணு வாரமா மண்டைய ஒடச்சிக்கினேன்."

"அறுபதுனு சொன்னப்போ, 'ரொம்ப சூடா கீது, பாத்துக்கோ'ன்னியே?"

"ஆமா, அதுக்கு?"

"அதான் பாத்துக்கினேன். அன்னிக்கே தூக்கினு போய் எறா வெக்கிற ஐஸ் ரூம்ல வெச்சிட்டேன்."

தங்கை லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"அப்ப நான் மொதல்ல எழுதினது சரியாதான் இருந்திருக்கு."

"பின்ன இன்னா? சந்தோஷப்படு."

"எங்க சந்தோஷப்படறது? எட்டு தப்புனு நெனச்சி, முப்பது டிகிரி கூட்டிக் காட்டுற மாதிரி மாத்திட்டேன். நாப்பது காட்ட வேண்டிய நல்ல கம்ப்யூட்டர்லகூட இனிமே எழுபதுனு வரும்."

"திருப்பி மாத்திடு."

"இந்த டிரைவரைக் கேட்டவங்களுக்கெல்லாம் காலையிலயே அனுப்பிட்டேண்ணா!"

அண்ணன் அவள் தோளைத் தட்டினான்.

"அப்ப எல்லாரையும் ஐஸ் ரூம்ல வெச்சிக்கச் சொல்லு. சரியா காட்டும்."